கீழ்த் தட்டில் ஒரு மூச்சு

பல்லேகமவுக்குப் போகும் மலைப்பாதையில், தேயிலையைக் கைவிட்டபின் காடேறிப்போன ஒரு தோட்டத்தின் உச்சியில் அந்த பங்களா இருந்தது. முச்சக்கர வண்டிக்காரன் றிப்காவை வெளிவாசலிலேயே இறக்கிவிட்டான். உள்ளே வரமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. வண்டியைத் திருப்ப இடமில்லை என்றான். லொறியே தாராளமாகத் திரும்பக்கூடிய முற்றம் அது. றிப்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூறலில் நடந்தாள்.

சுவரெல்லாம் பாசி. வாசலை நெருங்கும்போதே இரண்டு வாடைகள் முகத்தில் அடித்தன. ஒன்று, ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தின் வாடை. மற்றது வௌவால் எச்சத்தின் வாடை. வெள்ளைக்காரத் துரை போன பிறகு அந்தக் கூரையை ஆண்டுகொண்டிருந்தவை வௌவால்கள்தான். அவற்றின் உடம்பில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கத்தான் கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் இங்கே வந்தார்கள். கொரோனா வந்த பிறகு வௌவாலோடு மனிதர்களும் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

கதவைத் திறந்தவர் ஷெல்டன். ஆராய்ச்சி நிலையத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆராய்ச்சிக்காரர். நாற்பது தாண்டியும் கலியாணம் கட்டாத ரத்தோட்டைக்காரர்; வௌவால்களைப் பற்றி அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் காரணம் விளங்கிவிடும்.

“நனைஞ்சிட்டீங்களே மிஸ். உள்ள வாங்க. டீ ஊத்துறேன்” என்றார்.

டீயைக் குடித்தபடியே வேலையை விளக்கினார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஃப்ரீசரில் இருக்கும் குப்பிகளையெல்லாம் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அதற்குத்தான் தற்காலிகமாக ஒரு ஆளைக் கேட்டிருந்தார்.

“அதுக்குப் பிறகு எங்க சேர் கொண்டுபோறாங்க?”

“எங்கயும் இல்ல. செவ்வாய்க்கிழமை லொறி வரும். கொண்டுபோய் எரிச்சிருவாங்க.”

றிப்கா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் இத்தனை தூரம் மலையேறி வந்ததே அந்த எரிப்பைத் தடுப்பதற்காகத்தான்.

அவளுடைய வாப்பா ஸெய்னுலாப்தீன் மாத்தளை டவுனில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்றவர். ஆஸ்துமா இழுப்புக்காரர். கொரோனா வந்த முதல் வருடத்தின் கடைசியில், வார்டில் யாரும் பக்கத்தில் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்களில் கொரோனாவில் இறந்தவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும் எரிப்பதுதான் சட்டம். நிஸ்தார் மாமா மையவாடியில் கபுர்க் குழி வெட்டிவைத்துக் காத்திருந்தார், கடைசி நேரத்தில் யாராவது மனமிரங்குவார்கள் என்று. அதற்கிடையில் உம்மா மஸூதாவுக்குப் போனில் ஒரு அழைப்பு வந்தது. ஆராய்ச்சிக்காக நுரையீரலில் ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று மறுமுனையில் பணிவாகக் கேட்டார்கள்.

“எடுத்துக்கோங்க” என்றாள் உம்மா. “மிச்சத்த எங்களுக்குத் தாங்க.”

துண்டை எடுத்தார்கள். மிச்சத்தை எரித்தார்கள். நிஸ்தார் மாமா வெறும் குழிக்கு மண்ணைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். சட்டம் பிறகு மாறிவிட்டது. ஆனால் உம்மா அந்த அழைப்பை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள், சட்டென்று நிறுத்தி, “அவங்களுக்கு நான் ஏலாதுண்டு செல்லீக்கணும்” என்பாள். தர முடியாதென்று மறுத்திருக்க வேண்டுமாம்.

தாதியாக இருந்த சிநேகிதி ஜெஸ்லா மூலம்தான், அந்தத் துண்டுகள் இந்த பங்களாவுக்கு வந்தன என்று றிப்காவுக்குத் தெரிந்தது. உடம்பில் ஒரு துண்டு கிடைத்தால்கூடக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுது அடக்கலாம் என்று மௌலவியிடம் கேட்டு வைத்திருந்தாள். டவுனில் இரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு சின்ன இடத்தில்தான் அவளுக்கு வேலை. அங்கே லீவு போட்டுவிட்டு இந்தத் தற்காலிக வேலையைக் கேட்டு வாங்கினாள். வாப்பாவின் உடம்பில் நெருப்புப் படாதது உலகத்தில் அந்தத் துண்டு ஒன்றுதான். அதையும் எரிக்க விட்டால் உம்மா பைத்தியமாகிவிடுவாள் என்பதில் றிப்காவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பழைய துரையின் படுக்கையறையில் ஃப்ரீசர் நின்றது. ஆளுயரத்துக்கு மேல், சாம்பல் நிறத்தில்.

“இங்க என்ன பார்த்தோம் தெரியுமா மிஸ்?” என்று கதவின் பிடியில் கைவைத்தபடியே ஷெல்டன் தொடங்கினார். “ஒரே வீடு, ஒரே கிருமி. மகனுக்குத் தடிமன் தும்மல் மாதிரி வந்து போயிடுது. தகப்பனுக்கு நுரையீரல் ரெண்டும் தண்ணியா நிறைஞ்சிடுது. ஏன்? நுரையீரலோட கதவு ஒவ்வொண்ணையும் அது எப்படித் திறக்குதுன்னு தேடினோம்.”

“கண்டுபிடிச்சீங்களா?”

“பாதி.” அவர் சிரிக்க முயன்றார். “மிச்சப் பாதிக்கு ஆள் இல்ல.”

கதவு திறந்தது. உறைபனி பிடித்த தட்டுகள். ஒவ்வொன்றிலும் விரல்நீளக் குப்பிகள்.

“பேர் ஒண்ணும் இருக்காதா சேர்?”

“நம்பர் மட்டும்தான். யார் யாருன்னு எனக்கே தெரியாது. மேல இருந்து கட்டிக்கிட்டு வாங்க. கீழ்த் தட்ட மட்டும் தொடாதீங்க மிஸ். அத நானே பார்த்துக்கிறேன்.”

தொடாதே என்றால் அங்கேதான் இருக்கிறது என்று றிப்கா முடிவு கட்டிவிட்டாள். மனிதத் துண்டுகளை வெளியாள் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பைக் கேட்டுத் தெளிந்துகொள்ள அவளுக்குத் துணிவில்லை. கேட்டால் அவர் ஏன் என்று திருப்பிக் கேட்பார்.

திறந்த கதவிலிருந்து குளிர்ப்புகை வழிந்தது. அது எப்போதும் கீழே இறங்கித் தரையில் பரவும். மேல் தட்டுகளின் புகை அப்படித்தான் இறங்கியது.

கீழ்த் தட்டின் புகை வெளியே வந்தது.

பிறகு உள்ளே போனது.

மறுபடி வந்தது. மறுபடி போனது.

அதோடு ஒரு சத்தம். மெல்லிய இழுப்பு. முடிவில் ஊசி முனையளவு ஒரு விசில்.

“கம்ப்ரெஸர் பழசு மிஸ்” என்று சொல்லிவிட்டு ஷெல்டன் கதவைச் சாத்தினார். அவர் புகையைப் பார்க்கவே இல்லை.

றிப்கா அந்தக் கதவை விட்டு நகரவில்லை. சின்ன வயதில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாப்பா தூங்கும்போது கேட்ட விசில் அது. அந்த விசில் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வரும்; நின்றுவிட்டால்தான் பயம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மழை அடித்து ஊற்றியது. மலையில் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. அதன் பெட்டரி செத்துவிட்டதாம். வேறொன்று கொண்டுவர ஷெல்டன் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கீழே இறங்கினார். போகும்போது, “ஃப்ரீசர மட்டும் திறந்திராதீங்க. குளிர் போனா எல்லாம் போச்சு” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி முற்றத்தை மூடியது. பட்டப்பகல்தான், ஆனாலும் அறைக்குள் எதிர்ச்சுவர் தெரியவில்லை. ஃப்ரீசரின் எச்சரிக்கை மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. கூரைக்குள் வௌவால்கள் புரண்டன, கீச்சிட்டன, ஒன்றையொன்று தள்ளின.

பிறகு மணி நின்றது.

வௌவால்களும் நின்றன.

அந்த அமைதியில் மூச்சு கேட்டது. முன்னைப்போல ஒன்றல்ல. இரும்புக் கதவுக்குப் பின்னால் பல பேர் மூச்சுவிட்டார்கள். சிலது வேகமாக, சிலது நுரை கொப்பளிக்க, சிலது கடைசி மூச்சைத் தேடுகிற அவசரத்தோடு. ஒரு வார்டே அதற்குள் படுத்திருந்தது. வாப்பா தன் கடைசி இராத்திரியில் கேட்டுக்கொண்டு கிடந்தது இதைத்தான் என்று றிப்காவுக்கு உறைத்தது.

அவள் ஓடியிருக்க வேண்டும். வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை லொறி வரும் என்பதுதான்.

“வாப்பா” என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

எல்லா மூச்சும் நின்றது.

உள்ளே யாரோ இருமினார்கள். இரண்டு தரம் சின்னதாக, ஒரு தரம் நீளமாக. முடிவில் அந்த விசில்.

றிப்கா கதவைத் திறந்து கீழ்த் தட்டை இழுத்தாள். குப்பிகள் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அது ஈரமாக இருந்தது. கையுறைக்கு மேலாகவும் அதன் சூடு அவள் விரலுக்குத் தெரிந்தது. உள்ளே வெளிர்ச்சிவப்பாய்க் கொஞ்சம் நீர். துண்டு எதுவும் கண்ணுக்குப் படவில்லை. உருகிவிட்டது என்று நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள்.

தேத்தண்ணி ஃப்ளாஸ்கைக் கவிழ்த்துக் காலியாக்கி, பனிக்கட்டியை அள்ளிப்போட்டு, குப்பியை அதற்குள் இறக்கினாள். உம்மாவுக்குச் சுகமில்லை என்று ஷெல்டனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மடியில் ஃப்ளாஸ்க் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரோடு மோசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை உம்மா கிணற்றடியில் புதுப் பாய் விரித்து, கற்பூரம் கரைத்த தண்ணீரோடு காத்திருந்தாள். பெண்சாதி புருஷனைக் குளிப்பாட்டலாம். அந்த உரிமை அவளுக்கு ஒருமுறை மறுக்கப்பட்டது. இந்த முறை அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“இவ்வளவுதானா மகள்?”

“இவ்வளவுதான் உம்மா.”

றிப்கா ஒரு சோடிக் கையுறையை நீட்டினாள். வேலையில் ஊறிய பழக்கம். யாருடைய இரத்தத்தையும் அவள் வெறுங்கையால் தொட்டதில்லை.

மஸூதா அதைப் பார்த்தாள்; வாங்கவில்லை. “அண்டைக்கு ஆஸ்பத்திரியில அவரத் தொட்ட எல்லாரும் உறை போட்டுட்டுத்தான் தொட்டாங்க. பெண்சாதி நானும் உறை போட்டுத்தானா தொடணும்?”

றிப்கா கையுறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உம்மா குப்பியைப் பஞ்சில் கவிழ்த்தாள். பஞ்சு சிவந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி, பிஸ்மி சொல்லி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தலை எது, கால் எது என்று தெரியாத அந்தப் பஞ்சின் வலப்பக்கத்தை முதலிலும் இடப்பக்கத்தைப் பிறகும் கழுவினாள். கழுவி முடித்ததும் அதைத் தூக்கி உதட்டில் ஒற்றிக்கொண்டாள். நெடுநேரம் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் நிஸ்தார் மாமா தொழவைத்தார். அன்று வெட்டி மூடிய அதே இடத்தில், முழு ஆளுக்கு வெட்டுகிற மாதிரியே ஆழமாக வெட்டியிருந்தார். அன்று உம்மா வயிறாரச் சாப்பிட்டாள். வருடக்கணக்காய்த் தூக்கத்தில் புலம்பியவள் புலம்பாமல் தூங்கினாள். றிப்கா கதவோரம் நின்று அவளைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஷெல்டன் றிப்காவுக்குப் போன் எடுத்தார்.

“மிஸ், லொறி போயிடுச்சு. இப்பதான் கணக்குப் பார்த்தேன், கீழ்த் தட்டுல ஒண்ணு குறையுது.” அவர் குரல் இறங்கியிருந்தது. “நீங்க எடுத்திருந்தா சொல்லுங்க. நான் யாருக்கும் காட்டிக்கொடுக்க மாட்டேன். சொல்லுங்க மிஸ்.”

“அது எங்கட வாப்பா சேர். அடக்கிட்டோம்.”

“துண்டு எதுவும் இப்ப இல்ல மிஸ். அதெல்லாம் அரைச்சுக் கரைச்சு எப்பவோ முடிஞ்சு போச்சு. மேல் தட்டெல்லாம் வௌவால். கீழ்த் தட்டுல இருந்தது செத்தவங்ககிட்ட இருந்து எடுத்து நாங்க வளர்த்த கிருமி. உயிரோட இருக்கிற கிருமி.”

“அதுக்குள்ள வாப்பாட உடம்பு கொஞ்சமும் இல்லியா?”

“இல்ல மிஸ். அவரக் கொன்னது மட்டும்தான் இருந்திச்சு. வெறுங்கையில யாராவது தொட்டாங்களா?”

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளறையில் உம்மா இருமினாள்.

இரண்டு தரம் சின்னதாக. ஒரு தரம் நீளமாக.

முடிவில் விசில்.

உம்மாவுக்கு வாழ்நாளில் இழுப்பு இருந்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷெனாலி என்று ஒரு இளம்பெண் இருந்தாள். மூக்கில் எடுத்த பரிசோதனை உடனேயே கொரோனா என்று காட்டிக்கொடுத்தது. இப்போது யாரும் அதற்குப் பதறுவதில்லை. “பயப்படாதீங்க, ஊசி மருந்து ஏத்தினா கிருமி செத்துடும்” என்றாள். கையில் ஊசியைக் குத்தி மருந்துக் குழாயையும் மாட்டியாயிற்று, திறந்துவிடுவதுதான் பாக்கி. உம்மாவின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. முகத்தில் மட்டும் கலியாண வீட்டுக் களை.

“மூச்ச இழுங்க உம்மா. விடுங்க. இப்ப கொஞ்சம் அடக்கிப் பிடிங்க.”

மஸூதா மூச்சை அடக்கினாள். டொக்டர் ஸ்டெதஸ்கோப் குழலை முதுகில் வைத்துக் கேட்டாள். இடம் மாற்றினாள். மறுபடி மாற்றினாள். அவள் கண்கள் சுருங்கின.

“அடக்கச் சொன்னேனே உம்மா.”

“அடக்கிட்டுத்தான் இருக்காங்க டொக்டர்” என்றாள் றிப்கா. உம்மாவின் உதடு இறுக மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

டொக்டர் மறுமுனையை முதுகிலேயே வைத்தபடி குழலைக் கழற்றி றிப்காவின் காதில் மாட்டினாள்.

உள்ளே யாரோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், சொந்த வீட்டில் படுத்திருக்கிற நிம்மதியோடு. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் விசில். றிப்காவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தக் குளிருக்குள்ளேயே, கொஞ்சநேரம் இப்படியே கேட்டுக்கொண்டிருக்க மாட்டோமா என்று பாழும் மனசு ஆசைப்பட்டது.

உம்மா அடக்கிய மூச்சை விட்டாள். றிப்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“மருந்து வேணாம் மகள். அவர் உள்ளுக்கு ஈக்குறார். மருந்து போட்டா திரும்ப எங்க போற அவர்?”

“உம்மா, அது வாப்பா இல்ல.”

“நீ கேட்ட தானே.”

கேட்டாள்தான். இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது வாப்பாவா, வாப்பாவைக் கொன்றுவிட்டு அவருடைய மூச்சை மட்டும் பழகிக்கொண்டதா என்று சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் யாரும் இல்லை. சொல்லக்கூடியவரைத் தேட நேரமும் இல்லை. உம்மாவின் உதடும் நீலமாகிக்கொண்டிருந்தது.

“ஏத்துங்க டொக்டர்” என்றாள் றிப்கா.

குழலுக்குள் மூச்சு சட்டென்று நின்றது.

உம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. நின்றது மற்ற மூச்சு.

டொக்டர் மருந்துக் குழாயின் சின்னச் சக்கரத்தைத் திருப்பினாள். மருந்து சொட்டத் தொடங்கியது. உம்மா தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் உதடு மூடியபடியே இருந்தது. றிப்கா காதிலிருந்து குழலை எடுக்க நினைத்தாள். கை கேட்கவில்லை.

உள்ளேயிருந்து, வருடக்கணக்காக அவள் கேட்காத குரலில், இழுப்புக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

“எரியுது மகள்.”

மருந்து பாதிகூட இறங்கியிருக்கவில்லை.